ஆம்பூர் தோலும் ஹிண்டன்பர்க் கோடும்

முதல் உலகப் போரின் துப்பாக்கிகள் ஓய்ந்து 2025 நவம்பர் 11-ம் தேதியுடன் 107 ஆண்டுகள் நிறைவடைந்தன. பிரான்ஸின் நூவ் ஷாப்பெல் கிராமத்தில் உள்ள இந்திய நினைவிடத்தில், உடல்கூடக் கிடைக்காமல் மறைந்துபோன 4,700-க்கும் மேற்பட்ட இந்தியர்களின் பெயர்கள் பொறிக்கப்பட்டிருக்கின்றன. அண்மை ஆண்டுகளில் அவர்களைப் பற்றி ஓரளவு எழுதப்படுகிறது. அந்தப் போருக்குச் சென்ற தோலைப் பற்றி எவரும் எழுதுவதில்லை. வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, மேல்விஷாரம், இராணிப்பேட்டை எனப் பாலாற்றை ஒட்டி நீளும் தோல் பட்டையின் இன்றைய நெருக்கடியைப் புரிந்துகொள்ள அந்தப் பழைய கதை தேவைப்படுகிறது. 2025 பிப்ரவரியில் மத்திய பட்ஜெட் ஒரு வரியை நீக்கியது. ஆகஸ்டில் அமெரிக்கா ஒரு வரியை விதித்தது. இரண்டும் சேர்ந்து ஆம்பூரை எந்தத் திசையில் தள்ளின என்பது போதிய அளவு விவாதிக்கப்படவில்லை.

மேற்குப் போர்முனை என்பது சுவிட்சர்லாந்தின் எல்லையிலிருந்து வட கடல் வரை ஏறத்தாழ 700 கிலோமீட்டருக்கு நீண்ட பதுங்குகுழிகளின் தொடர். அங்கே சேறும் ஒரு எதிரியாக இருந்தது. முழங்கால் அளவு குளிர்ந்த நீரில் நாள்கணக்கில் நின்ற வீரர்களின் பாதங்கள் மரத்து, வீங்கி, அழுகத் தொடங்கின. 1914-15 குளிர்காலத்தில் மட்டும் பிரிட்டிஷ் படையில் சுமார் 20,000 பேர் இந்தப் பாதநோய்க்கு ஆளானதாகக் கணக்கிடப்படுகிறது. துப்பாக்கிக்கு அடுத்தபடியாகக் காலணி ஒரு போர்த்தளவாடமாகவே ஆகிவிட்டது. சேற்றில் ஊறிய காலணிகள் விரைவில் நைந்துபோயின. தேவை குறையவே இல்லை.

அந்தக் காலணியின் மேற்பகுதிக்கு இங்கிலாந்துத் தொழிற்சாலைகள் பெரிதும் நம்பியிருந்த சரக்குகளில் ஒன்று சென்னை மாகாணத்தில் பதனிடப்பட்ட மாட்டுத்தோல். ‘ஈஸ்ட் இந்தியா கிப்’ என்பது அதன் வணிகப் பெயர். நம் நாட்டு மாடுகள் உருவில் சிறியவை. தோல் மெல்லியது, ஆனால் உறுதியானது. ஆவாரம் பட்டையிலும் கடுக்காயிலும் ஊறவைத்துப் பதப்படுத்திய அந்தத் தோல் பாதி வேலை முடிந்த நிலையில் இலண்டன் சந்தைக்குக் கப்பலேறும். எண்ணெயிட்டு, சாயமேற்றி, மெருகூட்டும் மீதி வேலை அங்கே நடக்கும். 1916 முதல் அரசு இந்த வணிகத்தைத் தன் கட்டுப்பாட்டில் எடுத்துக்கொண்டது. படைத்தேவைக்கான தோல் நிர்ணயித்த விலையில் கொள்முதல் செய்யப்பட்டு, தனியார் ஏற்றுமதி கட்டுப்படுத்தப்பட்டது. 1917-ல் சர் தாமஸ் ஹாலண்டு தலைமையில் அமைக்கப்பட்ட இந்தியப் போர்த்தளவாட வாரியம் தோலுக்கெனத் தனிப் பிரிவையே வைத்திருந்தது. கிராமத்துப் புதர்ச்செடியான ஆவாரையின் பட்டைக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டது என்பது அந்தக் கொள்முதலின் அளவை உணர்த்தும். சுதேசிக் கொள்கை குறித்த நூற்றுக்கணக்கான மேடைப் பேச்சுகள் செய்யாததை, ஒற்றை வாங்குநரின் உறுதியான ஆர்டர் சில ஆண்டுகளில் செய்துவிட்டது.

போர் இன்னொரு உண்மையையும் வெளிச்சமிட்டது. போருக்கு முன்பு இந்தியாவின் பச்சை மாட்டுத்தோல் பெரும்பாலும் ஜெர்மனிக்கும் ஆஸ்திரியா-ஹங்கேரிக்கும்தான் சென்றுகொண்டிருந்தது. கல்கத்தாவிலிருந்த ஜெர்மானிய வணிக நிறுவனங்கள் அந்தச் சந்தையை ஆண்டன. தன் பேரரசின் மூலப்பொருள் எதிரியின் காலணிக்குப் போயிருக்கிறது என்பது பிரிட்டனுக்குப் போர் மூண்ட பிறகே உறைத்தது. அதன் விளைவுதான் 1919 செப்டம்பரில் வணிகத் துறைப் பொறுப்பு வகித்த சர் ஜார்ஜ் பார்ன்ஸ் கொண்டுவந்த சட்டம். பச்சைத் தோல் ஏற்றுமதிக்கு 15% வரி. ஆனால், பேரரசுக்கு உட்பட்ட நாடுகளுக்கு அனுப்பி அங்கேயே பதனிட்டால் அதில் 10% தள்ளுபடி.

அந்தத் தள்ளுபடியில்தான் சட்டத்தின் உள்நோக்கம் இருக்கிறது. ஜெர்மனிக்குப் போகும் தோலுக்கு 15%. பிரிட்டனுக்குப் போகும் தோலுக்கு வெறும் 5%. இந்தியத் தோல் தொழிலைக் காக்க எழுப்பப்பட்டதாகச் சொல்லப்பட்ட அரண், உண்மையில் பிரிட்டிஷ் தோல் தொழிலைக் காத்து நின்றது. இந்திய நிதி ஆணையம் 1922-ல் இதைக் கடுமையாக விமர்சித்தது. 1923-ல் வரி எல்லோருக்கும் ஒரே சீராக 5% ஆனது. 1930-களின் நடுவில் அதுவும் போயிற்று.

என் நோக்கில், அந்த வரி எவ்வளவு என்பதைவிட அது எந்த இடத்தில் விதிக்கப்பட்டது என்பது முக்கியமானது. 1919-ன் கோடு பச்சைத் தோலுக்கும் பாதி பதனிட்ட தோலுக்கும் நடுவே கிழிக்கப்பட்டது. பச்சையாக அனுப்பினால் வரி. பாதி பதனிட்டு அனுப்பினால் இல்லை. வரி மறைந்த பின்னும் இலண்டன் ஏலச்சந்தையும் கடன் கொடுத்த வணிகர்களும் அதே அமைப்பைத் தொடர்ந்து தாங்கினர். சென்னை மாகாணத்தின் தோல் முதலாளிகள் பாதி பதனிடுவதில் வல்லவர்களானார்கள்; அதற்கு மேல் செல்ல அவர்களுக்கு எந்தத் தூண்டுதலும் இல்லை. குரோம் முறையை ஆல்ஃபிரட் சாட்டர்டன் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே சென்னையில் அறிமுகப்படுத்தினார். தோல் தொழில்நுட்பப் பள்ளி 1915-ல் சென்னையில் தொடங்கப்பட்டது. அறிவும் ஆளும் இருந்தும், அரை நூற்றாண்டுக்கு இப்பகுதி பிறருடைய காலணிக்குத் தோல் அனுப்பும் பகுதியாகவே நீடித்தது.

இங்கே போர்முனைக்குத் திரும்ப வேண்டியிருக்கிறது. அரண் என்பது எப்படி இயங்குகிறது என்பதை ஹிண்டன்பர்க் கோட்டைவிடத் தெளிவாகக் காட்டும் எடுத்துக்காட்டு குறைவு. 1916 ஆகஸ்டில் ஜெர்மானியப் படையின் தலைமையை ஏற்ற ஹிண்டன்பர்க்கும் லூடண்டார்ஃபும், சோம் சமரின் இழப்புகளைக் கண்டு ஒரு முடிவுக்கு வந்தனர். போர்முனைக்குப் பல கிலோமீட்டர் பின்னால், அராஸ் அருகிலிருந்து எய்ன் ஆற்றங்கரை வரை, புதிய அரண்கோடு ஒன்று கட்டப்பட்டது. சிமெண்டுக் காவலறைகள், அகன்ற முள்கம்பி வேலிகள், ஒன்றன்பின் ஒன்றாகப் பல வரிசைப் பதுங்குகுழிகள். ரஷ்யப் போர்க்கைதிகளும் கட்டாயமாக இழுத்துவரப்பட்ட பெல்ஜியர்களும் அதைக் கட்டியவர்களில் அடங்குவர். 1917 மார்ச்சில் ஜெர்மானியர் தாங்களாகவே அந்தக் கோட்டுக்குப் பின்வாங்கினர். போர்முனையின் நீளம் சுமார் 40 கிலோமீட்டர் குறைந்தது. பதின்மூன்று படைப்பிரிவுகள் வேறு பணிக்கு விடுவிக்கப்பட்டன. முன்வரிசையை மெல்லியதாக வைத்து, ஆழத்தில் வலிமையை நிறுத்துவது அதன் உத்தி. பின்னால் எல்லாம் கட்டி முடித்த பிறகே அவர்கள் முன்வரிசையைக் கைவிட்டார்கள் என்பதை இங்கே குறித்துக்கொள்ள வேண்டும்.

(இடையில் ஒரு செய்தி. 1917 நவம்பரில் இந்தக் கோட்டின் மீது நடந்த காம்ப்ரே தாக்குதலையொட்டிய சமரில், டிசம்பர் 1 அன்று, தன் கீழிருந்த குதிரைகள் அடுத்தடுத்து சுடப்பட்டு விழ மூன்று முறை செய்தி சுமந்து சென்று விக்டோரியா சிலுவை பெற்றவர் கோவிந்த் சிங். அவர் சார்ந்திருந்த 28-வது இலகு குதிரைப்படை, பழைய மதராஸ் குதிரைப்படையின் வழிவந்தது.)

பின்வாங்கியபோது ஜெர்மானியர் விட்டுச்சென்ற நிலத்துக்கு என்ன நேர்ந்தது என்பது கதையின் மறுபாதி. ‘ஆல்பெரிஷ்’ என்று பெயரிடப்பட்ட அந்த நடவடிக்கையில் ஊர்கள் தகர்க்கப்பட்டன, பழமரங்கள் வெட்டிச் சாய்க்கப்பட்டன, கிணறுகள் பாழாக்கப்பட்டன. அரணுக்குப் பின்னால் இருந்தவர்களுக்குப் பாதுகாப்பு கிடைத்தது. முன்னால் இருந்த நிலம் அதன் விலையைக் கொடுத்தது. 1918 செப்டம்பர் 29-ல் செயின்ட் குவென்டின் கால்வாயைக் கடந்து பிரிட்டிஷ் படைப்பிரிவொன்று அந்தக் கோட்டை உடைத்தது. ஆறு வாரங்களில் போரே முடிந்தது. ஆனால் கிணறுகள் அவ்வளவு விரைவில் சீராகவில்லை.

சுதந்திர இந்தியா தன் தோல் அரணை 1973-ல் கட்டியது. சீதாராமய்யா குழுவின் பரிந்துரைகளை ஏற்று, பச்சைத் தோல் ஏற்றுமதி தடைசெய்யப்பட்டது. பாதி பதனிட்ட தோலுக்கு அளவுக் கட்டுப்பாடும் வரியும் வந்தன. முழுமையாக்கிய தோலுக்கும் தோல் பொருள்களுக்கும் ஊக்கம் அளிக்கப்பட்டது. அதாவது, 1919-ல் பச்சைத் தோலின் வாசலில் நின்ற கோடு இரண்டு படி உள்ளே நகர்ந்தது. வாணியம்பாடியிலும் பேரணாம்பட்டிலும் இலண்டனுக்காகவே தோல் ஊறவைத்த சிறிய டேனரிகள் பல இதில் நலிந்துபோயின. அந்த இழப்பை நம் வளர்ச்சிக் கதைகள் வசதியாக மறந்துவிடுகின்றன. ஆனால் கோட்டுக்குப் பின்னால் ஒன்று உருவாயிற்று. பாதி பதனிட்டு அனுப்பினால் இலாபமில்லை என்றானதும், பெரிய நிறுவனங்கள் தோலை முழுமையாக்கின. பின் அப்பர் தைத்தன. பின் முழு ஷூவே செய்தன. இன்று ஆம்பூரின் ஷூ கம்பெனிகளில் வேலை செய்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். அதிகாலையில் சுற்றுவட்டாரக் கிராமங்களிலிருந்து அவர்களை ஏற்றிவரும் கம்பெனிப் பேருந்துகள்தான் 1973-ன் கொள்கை ஈட்டிய வருமானம்.

இனி 2025-க்கு வருவோம். பிப்ரவரி 1-ல் தாக்கலான பட்ஜெட், காலணி மற்றும் தோல் துறைக்கான சிறப்புத் திட்டத்தை அறிவித்தது: 22 லட்சம் வேலைவாய்ப்பு, 4 லட்சம் கோடி ரூபாய் விற்றுமுதல், 1.1 லட்சம் கோடிக்கு மேல் ஏற்றுமதி என்பவை அதன் இலக்குகள். கூடவே இரண்டு வரி மாற்றங்கள். குரோமில் பதனிட்ட ஈரத்தோலான ‘வெட் ப்ளூ’ மீதான இறக்குமதி வரி முற்றாக நீக்கப்பட்டது. காயவைத்து, இறுதி மெருகு மட்டும் பாக்கியுள்ள ‘கிரஸ்ட்’ தோலின் மீதிருந்த 20% ஏற்றுமதி வரியும் நீக்கப்பட்டது. மே மாதத்தில் ஏற்றுமதித் துறைமுகக் கட்டுப்பாடுகளும், மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனத்தின் கட்டாயச் சோதனையும் விலக்கிக்கொள்ளப்பட்டன. 1973-ல் உள்ளே நகர்ந்த கோடு அரை நூற்றாண்டுக்குப் பின் வெளிநோக்கி நகர்ந்திருக்கிறது.

வெட் ப்ளூ இறக்குமதிக்கு வரிவிலக்கு அளித்தது சரியான முடிவு என்றே கருதுகிறேன். தோல் பதனிடுதலில் உப்பும் சுண்ணாம்பும் சல்ஃபைடும் சேர்ந்த கழிவின் பெரும்பகுதி பச்சைத் தோலிலிருந்து வெட் ப்ளூ வரையிலான கட்டங்களில்தான் வெளிப்படுகிறது. ஒரு கிலோ தோலைப் பதனிட 30 முதல் 40 லிட்டர் நீர் தேவை. வேலைவாய்ப்போ இதற்கு நேரெதிர்: தோல் வெட்டும் மேசையில் தொடங்கித் தையல் இயந்திரத்தில்தான் அது பெருகுகிறது. வெட் ப்ளூவை வெளியிலிருந்து வாங்கி இங்கே ஷூ செய்தால், மாசு குறைவு; வேலை அதிகம்.

கிரஸ்ட் ஏற்றுமதி இதன் தலைகீழ் வடிவம். மாசு மிகுந்த கட்டங்கள் முழுவதையும் பாலாற்றங்கரையில் முடித்துவிட்டு, வேலை மிகுந்த கட்டங்களை வேறொரு நாட்டுக்கு அனுப்பிவைப்பது அது. 20% வரி இருந்தவரை அந்தப் பாதை கடினமாக இருந்தது. அந்தத் தடை நீங்கிய அதே ஆண்டில், ஆகஸ்ட் 27 முதல், இந்தியப் பொருள்கள் மீதான அமெரிக்காவின் கூடுதல் வரி 50% ஆனது. வியட்நாமுக்கு அது அப்போது 20%. அமெரிக்கா நம் காலணிகளின் மிகப் பெரிய சந்தைகளில் ஒன்று. ஆம்பூரில் தைத்த ஷூவுக்கும் வியட்நாமில் தைத்த ஷூவுக்கும் நியூயார்க் துறைமுகத்தில் அப்போது 30 விழுக்காட்டுப் புள்ளிகள் வித்தியாசம் இருந்தது. தோல் மட்டும் ஆம்பூருடையதாக இருக்கலாம். அதற்கு இப்போது எந்தத் தடையும் இல்லை. இரண்டு அரசுகள் தனித்தனியே எடுத்த இரண்டு முடிவுகள், கலந்து பேசிச் செய்ததுபோல் ஒரே திசையில் இழுத்தன. ஷூவாகப் போனால் சுவர். கிரஸ்டாகப் போனால் திறந்த வாசல். ஒரு வாங்குநர் என்ன செய்வார் என்று கணிக்கப் பொருளியல் பட்டம் தேவையில்லை.

வரிநீக்கத்துக்கு ஆதரவான வாதத்தையும் நேர்மையாகப் பார்க்க வேண்டும். ஏற்றுமதி வரி என்பது உள்நாட்டில் தோலின் விலையைத் தாழ்த்தி வைக்கும் கருவி. அந்தத் தாழ்ந்த விலையின் பலன் பெரிய ஷூ ஏற்றுமதியாளருக்குப் போயிற்று. சுமை சிறிய டேனரி உரிமையாளர் மீதும், அதற்கும் கீழே மாடு வளர்ப்பவர் வரையிலும் இறங்கியது. ஐம்பது ஆண்டுகளாகச் சிறியவர் பெரியவருக்கு மறைமுக மானியம் அளித்துவந்தார் என்று ஒரு வாணியம்பாடி டேனரி உரிமையாளர் சொன்னால், அவர் சொல்வதில் பொருளியல் பிழை ஏதும் இல்லை. ஆவாரம் பட்டையில் பதனிடும் பழைய ஈஸ்ட் இந்தியா தோலுக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது; அதற்குச் சந்தை கிடைப்பது நல்லதே. ஆனால் அந்தக் குறையைத் தீர்க்கும் வழி, சிறிய டேனரிகளும் மெருகூட்டும் கட்டத்துக்கு ஏற உதவுவது. பொது மெருகூட்டு மையங்களும் குறைந்த வட்டிக் கடனும் அதற்கு வேண்டும். ஹிண்டன்பர்க் கோட்டை நினைவுகூர்ந்தால், அவர்கள் பின்னால் கட்டிவிட்டு முன்னால் இருந்ததைக் கைவிட்டார்கள். நாமோ பின்னால் இன்னும் அடித்தளமே போடாத நிலையில் முன்வரிசையைக் காலிசெய்திருக்கிறோம்.

தைவான் நிறுவனங்களின் ஷூ ஆலைகள் இராணிப்பேட்டை மாவட்டத்துக்கு வருகின்றனவே என்று கேட்கலாம். வரவேற்க வேண்டியவைதாம். ஆனால் அவை பெரும்பாலும் தோல் அல்லாத விளையாட்டுக் காலணிகள். நாற்பது வயதில் ஆம்பூரில் வேலையிழக்கும் ஒரு அப்பர் தையல்காரர் அங்கே போய்ச் சேர்வார் என்று அனுமானிக்க எந்த அடிப்படையும் இல்லை.

பட்ஜெட்டுக்கு இரண்டு நாள் முன்பு, ஜனவரி 30-ல், உச்ச நீதிமன்றம் வேலூர் டேனரிகள் குறித்து ஒரு தீர்ப்பு வழங்கியது. 1996-ல் வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் நீதிபதி குல்தீப் சிங் அமர்வு, மாசுபடுத்துபவரே ஈடுசெய்ய வேண்டும் என்ற கொள்கையை இந்தியச் சட்டத்தின் பகுதியாக்கியது. தோல் பட்டையில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பயிருக்கு உதவாமல் போனதை அத்தீர்ப்பு பதிவுசெய்தது. 2001-ல் சுமார் 29,000 பேருக்கு இழப்பீடு நிர்ணயிக்கப்பட்டது. அந்தப் பணமே முழுமையாகப் போய்ச் சேரவில்லை என்பதால்தான் 2025-ல் நீதிபதிகள் பர்திவாலா, மகாதேவன் அமர்வு, ஆறு வாரங்களுக்குள் அரசு வழங்கிவிட்டு மாசுபடுத்தியவர்களிடம் வசூலித்துக்கொள்ளலாம் என்றும், ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் குழு அமைக்க வேண்டும் என்றும் உத்தரவிட நேர்ந்தது. நீதிமன்றம் பாலாற்றின் இழப்பை எண்ணிக்கொண்டிருந்த அதே வாரத்தில், நிதியமைச்சகம் அந்த இழப்பை உண்டாக்கும் கட்டத்தின் ஏற்றுமதிக்கு வரிவிலக்கு அளித்தது. இரண்டு கோப்புகளும் டெல்லியில் எந்த மேசையிலும் சந்தித்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

பிரான்ஸில் போர் முடிந்ததும், வெடிபொருளும் நஞ்சும் ஊறிய நிலங்கள் ‘சிவப்பு மண்டலம்’ என்று வரையறுக்கப்பட்டுக் குடியிருப்புக்கும் வேளாண்மைக்கும் மூடப்பட்டன. அதில் ஒரு பகுதி இன்றும் திறக்கப்படவில்லை. நம்மிடமும் அப்படிப்பட்ட இடம் உண்டு. டேனரிகளுக்கு வேண்டிய குரோமிய உப்புகளைத் தயாரித்து 1990-களில் மூடப்பட்ட இராணிப்பேட்டை குரோமேட் ஆலையின் வளாகத்தில், ஒன்றரை லட்சம் டன்னுக்கும் மேற்பட்ட நச்சுக் கழிவு குவிந்துகிடந்த கதையை மாவட்டத்தில் அறியாதவர் இல்லை. 2015 ஜனவரி 31 அன்று இராணிப்பேட்டை சிட்கோ பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் கழிவுத் தொட்டியின் சுவர் இடிந்து, உறங்கிக்கொண்டிருந்த பத்துத் தொழிலாளர்கள் சேற்றில் மூழ்கி இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து வந்தவர்கள்.

ஆகவே கிரஸ்ட் மீது 20% வரியை அப்படியே மீண்டும் விதிக்க வேண்டும் என்று நான் வாதிடவில்லை. அது சிறிய டேனரிகளைப் பழைய இடத்துக்கே தள்ளும். ஒன்பது அல்லது பத்து விழுக்காட்டு அளவில் ஒரு வரி இருக்கலாம். அதன் வருவாய் பொது நிதியில் கரையாமல், வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களின் நில, நீர் மீட்புக்கும் சிறு டேனரிகளின் மேம்பாட்டுக்கும் ஒதுக்கப்பட வேண்டும். மாசுபடுத்துபவர் ஈடுசெய்யும் கொள்கையை 1996 முதல் நீதிமன்ற வழக்காகவே நடத்திவருகிறோம். அதை ஒரு வரியாக நடத்துவது செலவு குறைந்த வழி. அந்த வரிச்சுமையில் ஒரு பங்கு, தோலை வாங்கும் வெளிநாட்டு நிறுவனத்தின் தலையில் விழும் என்பது கூடுதல் நியாயம். 2025 ஜூலை 24-ல் கையெழுத்தான பிரிட்டனுடனான வணிக ஒப்பந்தம் நடைமுறைக்கு வரும்போது, காலணிகள் மீதான அந்நாட்டின் 16% வரையிலான வரி நீங்கும். அதுவரை ஆம்பூரின் தையல் வரிசைகள் கலையாமல் இருக்க, ஆட்குறைப்பு செய்யாத நிறுவனங்களுக்கு வருங்கால வைப்புநிதிப் பங்களிப்பில் தற்காலிக உதவி அளிக்கலாம். வீட்டிலிருந்தே அப்பர் தைக்கும் பெண்கள் அந்தக் கணக்கில் வரமாட்டார்கள். அவர்களைப் பதிவுசெய்யும் வேலையை மாநிலத் தொழிலாளர் துறைதான் செய்தாக வேண்டும்.

கிரஸ்ட் வரிவிலக்கு நாடாளுமன்றச் சட்டத் திருத்தத்தால் வந்ததன்று. சுங்கச் சட்டத்தின் கீழான ஓர் அறிவிக்கையால் வந்தது. அதை மாற்ற இன்னோர் அறிவிக்கை போதும்.  தோல் ஏற்றுமதிக் கழகமும் தொழிற்சங்கங்களும் பாலாற்று விவசாயிகளும் நிதியமைச்சகத்துக்குத் தனித்தனியே மனு அனுப்புவது வழக்கம். இம்முறை மூன்று மனுக்களும் ஒரே கோப்பில் சேர்ந்து போவதற்கு மூன்று மாவட்டங்களின் நாடாளுமன்ற உறுப்பினர்கள் ஏற்பாடு செய்யலாம்.